கையெழுத்துப் போடும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒருபால் திருமணத்தை மதம் ஏற்காது, மக்களும் ஏற்க மாட்டார்கள் என்கிறார்கள். நான் பிரதோஷம் தவறாமல் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவள். ஒருபால் இணையர் கேட்பது கோயில் சடங்கு இல்லையே, மதச் சடங்கு இல்லாமல் பதிவு செய்து மணக்க வழிசெய்யும் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஓர் இடம்தானே! புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தையும் பலர் ஏசினார்கள். அண்ணா ஆட்சியில் அதைச் சட்டம் ஏற்றது.

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு பெண்கள் வெகுகாலமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். ஒருத்திக்கு அவசர ஆபரேஷன். மற்றவளைக் கையெழுத்துப் போட விடாமல், "ரத்த சொந்தமா?" என்றே கேட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் திருச்சியிலிருந்து வரவேண்டியதாயிற்று. அதுவரை அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை ஏற்பதா என்ற முடிவை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. சரி, நம் எம்.பி.க்கள் எப்போது வாய் திறக்கப் போகிறார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை