பெரிய டீச்சருக்கும் மற்ற எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சேகரத்து ஜனங்களுக்கும், எந்தச் சபை எந்த மதம் என்று பார்க்காமல் வந்து நின்ற அத்தனை பேருக்கும் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17 ராத்திரி தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பற்றி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு எந்த வழியாக வந்தது, எதை எதை வாரிக்கொண்டு போனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். நானும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டிலிருந்து பிள்ளைகளின் அப்பாவும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் கிடந்த சகதியை அள்ளி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் புத்தகம் என்று அலைச்சல் ஆரம்பித்துவிடும். சொல்ல வேண்டியது நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும்.

முதலில் மொத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து லாரியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு வந்த அண்ணன்மார்களே, கடலில் ஓட்டுகிற வள்ளத்தை எங்கள் தெருவில் ஓட்டினீர்கள். காயல்பட்டினத்து பாய்மார்களே, உங்கள் ஊரிலேயே ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியிருந்தது, அப்படியும் எங்களுக்குச் சோறு வந்தது. கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தம்பிகள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் குப்பையை அள்ளிய துப்புரவுத் தொழிலாளிகள், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னால் கோயில் தரையைக் கழுவிவிட்ட வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், மாற்றிக்கட்டத் துணி கொடுத்த பெயர் தெரியாத அக்காமார்... உங்கள் எல்லோருக்கும் ஆண்டவர் பலன் தருவார்.

இனி நான் சொல்ல வந்தது பெரிய டீச்சரைப் பற்றி.

பள்ளிக்கூட மாடியில் அன்றைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. கீழே வகுப்பறையில் தண்ணீரில் மிதந்த பெஞ்சுகள் சுவரில் போய் மோதிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு இடிக்கும் மாடித் தரை லேசாக அதிர்ந்தது. சின்னவன் என் மடியில் தூங்கிவிட்டான். எனக்குத்தான் உடம்பு உதற ஆரம்பித்தது. பல் அடித்துக்கொண்டது. சின்ன வயதில் மனப்பாடப் போட்டியில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய 91ஆம் சங்கீதத்தில் ஒரு வரி வாயில் வரவில்லை. சுற்றிலும் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரும்பி, “விசுவாசம் இருந்தா இப்படி நடுங்குவியா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் பயம், அது அதட்டலாக வெளியே வந்தது.

பெரிய டீச்சரிடம் குட்டு வாங்காத தலை எங்கள் ஊரில் குறைவு. அவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தபோது எனக்கும் ஒன்று விழும் என்றுதான் நினைத்தேன்.

“தள்ளி உக்காருட்டி,” என்றார்கள். உட்கார்ந்தார்கள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒத்தையில பயப்பட முடியல, அதான் வந்தேன்.”

அந்த இருட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே ஒரு துண்டு கருப்பட்டி. அதை ஜன்னல் கட்டையில் தட்டி உடைத்து, பெரிய துண்டை என் கையில் வைத்தார்கள். “கடிக்காத. கன்னத்துல ஒதுக்கிக்க. பல்லு சும்மா இருக்கும்.” சொன்ன மாதிரியே நின்றது. பிறகு என் காதோரம், பாடம் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில்: “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன். சங்கீதம் 56:3. பெலிஸ்தர் கையில மாட்டுனப்ப தாவீது பாடுனது. அவனே பயந்திருக்கான், நீ எம்மாத்திரம்? சொல்லு.”

சொன்னேன். கீழே பெஞ்சு இடிக்கும்; டீச்சர் பாதி வசனம் சொல்வார்கள்; மீதியை நான் சொல்ல வேண்டும். விடியும்வரை அதுதான் எங்கள் ஜெபம்.

நடுவில் என்னை அதட்டியவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். அவர் காதில் விழாதபடி என்னிடம் மட்டும் சொன்னதை இப்போது எல்லோருக்கும் போட்டு உடைக்கிறேன். “படகுல சீஷர்கள் அலறுனப்ப ஆண்டவர் என்ன செஞ்சாரு? முதல்ல எந்திரிச்சு காத்த அதட்டுனாரு. ஏன் பயந்தீங்கன்னு அதுக்கப்புறந்தான் கேட்டாரு. மத்தேயு சுவிசேஷத்துல மாத்தி இருக்கும். ஆனா நான் மாற்கு சுவிசேஷக்காரி.”

பயம் போய்விட்டது என்று நான் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. போன வாரம் ராத்திரி ஒரு தூறல் விழுந்தது. தகரத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், வாசல் வரை போய்த் தரையைத் தடவிப் பார்த்தேன். ஆனால் வசனம் தானாக வந்தது. சொல்லிக்கொண்டே திரும்பிப் படுத்தேன், தூங்கியும்விட்டேன். பயந்தால் ஆண்டவர் கோபிப்பார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பயத்தைவிட அந்த நினைப்புதான் என்னை அதிகம் நசுக்கியிருக்கிறது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே திகிலடையத் தொடங்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறாரே! விழித்திருந்து கூட இருங்கள் என்றுதானே கூடப் போன மூன்று சீஷர்களையும் கேட்டுக்கொண்டார்? அவர்கள் தூங்கிவிட்டார்கள். எங்கள் டீச்சர் தூங்கவில்லை.

டீச்சர், உங்களுக்கு இந்த எழுத்து சின்னதாக இருக்கும், பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடுங்குகிற ஒருவரிடம் விசுவாசம் எங்கே என்று இனி நான் கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவோ, பரீட்சை ரிசல்ட்டோ, எங்கே யார் உதறிக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் போய் உட்காருவேன். ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுக்கிறேன் என்று குருவானவர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். முதல் மனப்பாட வசனம் எதுவென்று உங்களுக்கே தெரியும். கருப்பட்டியும் உண்டு, குட்டு மட்டும் கிடையாது.

கடைசியாக ஒன்று. சோறு வந்த அண்டாக்களில் இரண்டு இன்னும் கோயில் மண்டபத்தில் இருக்கின்றன. ஒன்றில் பெயர் வெட்டியிருக்கிறது, சகதி ஏறி வாசிக்க முடியவில்லை. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம். யாருடையதோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கர்த்தருக்குள்,
பள்ளிக்கூட மாடியில் வடக்கு ஜன்னலோரம் இருந்தவள்