முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெஞ்சில் புற்றுநோய் என்றதும் பீடி, சிகரெட்டைப் பற்றித்தான் நம் பேச்சு போகிறது. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் அரிய புற்றுநோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் கல்நார்த் தூசியே, அதாவது நம் ஊர்க் கூரைகளில் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கையில் பறக்கும் தூசியே, அதற்குக் காரணம். மூச்சோடு உள்ளே போகும் அதன் நுண்ணிய நார்கள் அங்கேயே தங்கி, பெரும்பாலும் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுகின்றன.

தென்னாப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பகுதியைச் சார்ந்த 33 நோயாளிகளைப் பற்றி வாக்னர் என்ற நோயியல் மருத்துவரின் குழுவினர் 1960-இல் எழுதியபோதுதான் இத்தொடர்பு உலகுக்குத் தெளிவானது. அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கியவர்களே அல்லர். சிறுவயதில் அதன் அருகில் வாழ்ந்தவர்கள்.

இந்நோயில் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கும். நம் நாட்டில் நீர் கோத்தால் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால், மருந்து சாப்பிட்டும் நீர் மறுபடி கோக்கிறது என்றால், அந்த நோயாளி முன்பு என்ன வேலை பார்த்தார் என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். நீரை மட்டும் சோதித்தால் பல நேரங்களில் பிடிபடாது. உறையிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஆணையிட்டது. ஆலைத் தொழிலாளிக்கு அது பொருந்தும். சென்ற மாதம் எங்கள் தெருவில் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்ட இளைஞருக்கு ஏது பதிவேடு? ஷீட்டை அவர் மெஷினில் அறுக்க அறுக்கப் புருவம்வரை வெளுத்துவிட்டது. வாயில் கட்டியிருந்த துண்டு அந்த நார்களைத் தடுக்காது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் அதே சட்டையோடு தம் மகளைத் தூக்கிக்கொண்டார்.

ஷீட்டை நனைத்துக் கைரம்பத்தால் அறுத்தாலே தூசி வெகுவாகக் குறையும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவில் ‘கல்நார் ஷீட் வேலை செய்தவரா, எத்தனை ஆண்டுகள்?’ என்று ஒரு வரியைச் சேர்க்க அரசு முன்வர வேண்டும். 2050-இல் அந்த இளைஞரைப் பரிசோதிக்கப் போகும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்