அப்பாவின் கே.இ.70 மறுபடியும் ஓடுகிறது: கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் அங்கிள்களுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, இஞ்சின் மாற்றிய அப்பாவின் பழைய கே.இ.70 கொரோலா காரில் அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரை வரை போய் வந்தேன். போகும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும் வழியில், "பிரேக் நல்லா புடிக்குதுடா" என்றார். முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. அதை நான் ஒருவனே வைத்துக்கொள்வது நியாயம் இல்லை. உங்களுக்குச் சேர வேண்டியதை உங்களிடம் சேர்க்கத்தான் எழுதுகிறேன்.

"பேர் போடாதே" என்று உங்களில் பாதிப் பேர் முன்னாலேயே சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி அப்பாவுக்கு. 1982இல் பதிவான டொயோட்டா கொரோலா அது. 1990இல் பழைய காராக வாங்கினார். அதில்தான் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலை போவோம். அக்காவின் பிரசவத்துக்கு நள்ளிரவில் கிள்ளான் மருத்துவமனைக்கு ஓடியதும் அதில்தான். 2009இல் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினோம். அதற்குப் பிறகு பல வருஷம் அது நகரவில்லை. நான் இஞ்சினை மாற்றப் போகிறேன் என்று சொன்னபோது, "அந்த இஞ்சின் என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். உண்மைதான், 4கே இஞ்சின் ஒரு பாவமும் பண்ணவில்லை. 1290 சிசி, கார்புரேட்டர், தண்டு தள்ளி வால்வைத் திறக்கும் பழைய புஷ்ராட் வகை. அடித்தாலும் உதைத்தாலும் ஓடும் சாமான். ஆனால் இன்றைய நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஈப்போ வரை போய் வர எனக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. பல மாதம் யோசித்துவிட்டு இரண்டு நிபந்தனை போட்டார். 4கேயை விற்கக் கூடாது. துருவை வெட்டலாம், நல்ல தகரத்தில் கை வைக்கக் கூடாது. நாளைக்கே பழைய இஞ்சினைத் திரும்ப வைக்க நினைத்தால் வைக்க முடிய வேண்டும்.

அந்த இரண்டாவது நிபந்தனைதான் வேலையை இவ்வளவு வருஷம் இழுத்தது. உங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. இந்த மடலில் நான் சொல்ல வருவதில் பெரும்பங்கு அந்த ஒன்றைப் பற்றித்தான்.

தெலுக் வெல்டிங் அண்ணே, 2019 கடைசியில் கார் உங்களிடம் வந்தபோது எந்த நிலையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். முதலில் வேறு ஒரு இடத்தில் முன்பணம் கொடுத்து விட்டிருந்தேன். ஏழு மாதம் கண்ணாடி கழற்றிய உடலை மழையில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கால் வைக்கும் தளம், ஸ்பேர் டயர் குழி என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் விரல் வைத்தால் உள்ளே போனது. அன்று இரவு கூலி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கயிறு கட்டி இழுத்து வந்த இழுவை லோரி அண்ணனுக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும் அண்ணே. மேலே தகரம் வைத்து மூடிப் புட்டி பூசியிருந்தால் இரண்டு வாரத்தில் முடித்திருக்கலாம். நீங்கள் துருவெல்லாம் போய் வெள்ளைத் தகரம் தெரியும் வரை வெட்டினீர்கள். அட்டையில் அளவெடுத்து, ஒவ்வொரு துண்டையும் பழைய வளைவுக்கே மடித்தீர்கள். தகரம் சூட்டில் நெளிந்துவிடும் என்று இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்தீர்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பட்டறையைப் பூட்டியபோது, வெல்டிங் போட்ட இடம் துரு ஏறக் கூடாது என்று கடைசி நாளில் நீங்களே பிரைமர் அடித்துவிட்டுப் போனதை எனக்குச் சொல்லவே இல்லை. கதவு திறந்த அன்றுதான் பார்த்தேன்.

இனி கிள்ளான் ஹாஃப் கட் கடை முதலாளி, நம்ம தவுக்கே. வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தை: ஜப்பானில் காருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை உண்டு. செலவு அதிகம் என்பதால் நன்றாக ஓடும் கார்களையே அங்கே கழித்துவிடுகிறார்கள். அவற்றின் முன்பாதி அப்படியே வெட்டி இங்கே மலேசியாவில் இறங்குகிறது. அதுதான் ஹாஃப் கட். அப்படி வந்த ஏ.இ.111 என்ற பிந்தைய கொரோலா முன்பாதியில்தான் எங்களுடைய 4ஏ-ஜிஇ இஞ்சின் இருந்தது. கறுப்பு மூடி போட்ட இருபது வால்வு இஞ்சின். 1587 சிசி. ஒரு சிலிண்டருக்கு உள்ளே இழுக்க மூன்று வால்வு, வெளியே தள்ள இரண்டு. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி திராட்டில். ஜப்பான் கணக்குப்படி 7800 சுற்றில் 165 குதிரைத்திறன். தவுக்கே, உங்கள் கடையில் அதே மாதிரி மூன்று இருந்தன. முதலில் நான் காட்டியதை விற்றிருந்தால் உங்களுக்கு வேலை முடிந்திருக்கும். நீங்களே கம்ப்ரஷன் கேஜை எடுத்து மூன்றையும் சோதித்து, "இது வேணாம், ஒரு சிலிண்டர் கம்மி" என்று சொல்லி மூன்றாவதைக் கொடுத்தீர்கள். இரண்டு வருஷம் கழித்து அதன் சுங்கத் தாள் வேண்டும் என்று வந்து நின்றபோது, அரைநாள் பழைய ஃபைல்களைப் புரட்டித் தேடி எடுத்தீர்கள்.

என் கடன் அதிகம் உள்ள இடம் போமன் (மெக்கானிக்) அண்ணனும் வயரிங் தம்பியும்தான்.

அண்ணே, உங்களுக்கு ஏ.இ.86 என்ற பின்சக்கர கொரோலா பழக்கமாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். கே.இ.70இன் எலும்புக்கூடும் ஏ.இ.86இன் எலும்புக்கூடும் சொந்தக்காரர்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அமெரிக்காவுக்குப் போன இதே கொரோலா உடலில் டொயோட்டாவே 4ஏ இஞ்சினை வைத்து விற்றிருக்கிறது. ஆகவே வெட்டாமல் உட்கார வைக்க வழி இருக்கத்தான் வேண்டும் என்றீர்கள். ஏ.இ.86இன் முன் குறுக்குச்சட்டம், அதன் இஞ்சின் மவுண்டு, டி50 கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தோம். எல்லாம் போல்ட்டில் ஏறின. கியர்பாக்ஸைத் தாங்கும் பட்டையை மட்டும் நீங்கள் புதிதாகச் செய்தீர்கள். அதையும் பழைய துளைகளிலேயே மாட்டினீர்கள்.

பிறகு வேலை டிஸ்ட்ரிபியூட்டரில், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகத்தில், வந்து நின்றது. இந்த இஞ்சின் பிறந்தது முன்சக்கர காருக்கு, குறுக்காக உட்கார. அங்கே டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் ஓரத்தில் இருந்தால் தொல்லை இல்லை. எங்கள் காரில் இஞ்சின் நீளவாக்கில் உட்காரும்போது அது நேராக ஃபயர்வாலில், இஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரில், போய் இடிக்கிறது. எல்லோரும் செய்வது சுத்தியல், இல்லாவிட்டால் கட்டர். எனக்கே ஒரு நாள் பொறுமை போய், "வெட்டிடலாம் அண்ணே, அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். நீங்கள் கையைத் துடைத்துவிட்டு, "பெரியவர்கிட்ட ஒத்துக்கிட்டோம்ல" என்று மட்டும் சொன்னீர்கள். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு நிறைகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிடலாம் என்று வழி சொன்னவன் தம்பி. போர்ட் கிள்ளானில் பகல் வேலையை முடித்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் லேப்டாப்போடு வருவான். ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லும் சென்சார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்தால் இஞ்சினுக்குக் கண் தெரியாது. அதனால் கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று இல்லாத சக்கரம் ஒன்றை மாட்டினான். அந்த ஒரு பல் இல்லாத இடம் கடக்கும்போதெல்லாம் கிராங்க் எங்கே நிற்கிறது என்று இ.சி.யு. (இஞ்சினை ஆட்டிவைக்கும் கணினி) தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில், தனி இ.சி.யு., வயர் முழுவதும் புதிதாகக் கட்டியது. நான்கு திராட்டில் உள்ள இஞ்சினில் வேக்குவம் நிலையாக நிற்காது என்பதால், திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்தே பெட்ரோல் கணக்கை எழுத வேண்டியிருந்தது. அதற்கே ஆறு வாரம். தம்பி, நீ காசு வாங்க மறுத்த இரவுகளை நான் எண்ணி வைத்திருக்கிறேன். நீ செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஒவ்வொரு வயரையும் ஏன் அங்கே கொண்டு போகிறாய் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். நாளை நடுவழியில் நின்றாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதல் ஓட்டத்தில் எண்பதைத் தாண்டியதும் தரை முழுக்க அதிர்ந்தது. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் ஷாஃப்ட்டை வெட்டிச் சேர்த்து பேலன்ஸ் செய்து கொடுத்த லேத் பட்டறை அங்கிளிடம் திரும்பக் கொண்டு போனேன், கொஞ்சம் கோபத்தோடுதான். அவர் ஷாஃப்ட்டைத் தொடவே இல்லை. காரின் அடியில் படுத்து, கியர்பாக்ஸ் வால் எந்தக் கோணத்தில் இருக்கிறது, டிஃபரன்ஷியல் மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கியர்பாக்ஸ் மவுண்டின் கீழே ஒரு தட்டு வைத்து உயர்த்தியதும் அதிர்வு போய்விட்டது. அங்கிள், கோபத்தோடு வந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேடானிலிருந்து கதவு ரப்பரும் கண்ணாடி ரப்பரும் பெட்டி கட்டி அனுப்பிய நண்பரே, இந்தோனேசியாவில் இந்தக் காரை 'கொரோலா டி.எக்ஸ்' என்று நீங்கள் கொண்டாடுவதால்தான் இங்கே எங்களுக்கு மழை உள்ளே வராமல் இருக்கிறது. பெயிண்ட் அடித்த அண்ணே, வெயில் படாத பழைய நிறத்தை டிக்கி ரப்பருக்கு அடியில் தேடிக் கண்டுபிடித்தீர்கள். அதுதான் உண்மையான நிறம். அம்மா பார்த்த உடனே, "வாங்குன அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார். கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணத்தை) எடுத்து பிரேக் டிஸ்க்குக்குக் கொடுத்ததும் அவர்தான். இஞ்சின் பெரிதானால் முதலில் பிரேக் பெரிதாக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார்.

புஸ்பாகோம் வாகனச் சோதனையில் முதல் முறை முகப்பு விளக்கின் உயரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தப்பு எங்களுடையது, மறுவாரம் தேறியது. ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் இஞ்சின் எண்ணை மாற்ற உரிமையாளரே வர வேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு அப்பா நின்றதைப் பார்த்துத் தங்கள் எண்ணைக் கொடுத்து முன்னால் அனுப்பிய மலாய்க் குடும்பத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். புதுப் பதிவட்டையில் 1587 என்று பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி சாலை வரி எவ்வளவு என்பது. எழுபது வெள்ளி (ரிங்கிட்) தொண்ணூறு ஆகியிருக்கிறது. "இருபது வெள்ளிதானே" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், ஐந்து வருஷம் வீட்டு முன்வாசலில் நடக்க இடம் விடாமல் நான் வைத்திருந்ததைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது. அது எனக்குத் தெரியும்.

4கே இஞ்சின் இப்போது கொட்டகையில், போமன் அண்ணன் செய்து கொடுத்த இரும்புத் தாங்கியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் சுற்றி வைக்கிறார் அப்பா. ஃபயர்வாலில் ஒரு கீறல்கூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார்.

வருகிற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்குப் பசியாற வாருங்கள். அம்மா இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் செய்கிறார். தவுக்கேக்கு மட்டும் கோழி, அவர் ஆட்டுக்கறி சாப்பிடமாட்டார் என்று அப்பா நினைவு வைத்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக முன் சீட்டில் உட்காருங்கள், ஒரு சுற்று போய் வருவோம். அப்பா அன்றைக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறாராம். ரப்பர் புதுசு, இடது பக்கக் கதவு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. கொஞ்சம் இழுத்துச் சாத்துங்கள்.