உன் மகன் பட்டாளத்துக்கு வருகிறானாமே!

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நான் நலம். அம்மாவின் முட்டிவலிக்கு அந்த எண்ணெயையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போ.

பையன் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். டிரில் பீரியட் வந்தாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவன் பெற்ற பிள்ளையா! பிறகு அவன் அனுப்பச் சொன்ன கேள்விகளைப் பார்த்தேன். என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம் சுடும், பாராசூட்டில் குதிக்கவிடுவார்களா. துடைப்பத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம். அவனுக்கு வாசித்துக் காட்டு.

விடியுமுன் விசில். ஷேவ் செய்து, படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு பி.டி. என்ற உடற்பயிற்சிக்கு ஃபால்-இன், அதாவது வரிசையில் நிற்க வேண்டும். ஓட்டம், குளியல், லங்கர் என்ற சமையற்கூடத்தில் வரிசை, பரேட், ஆயுத வகுப்பு. கோத் என்ற ஆயுத அறையில் கையெழுத்துப் போட்டு வாங்கிய துப்பாக்கியைச் சுட்ட நேரத்தைவிடத் துடைத்த நேரமே அதிகம். அப்புறம் ஃபட்டீக் என்ற எடுபிடி வேலை: புல் வெட்டு, சாக்கடை சுத்தம், கல்லுக்குச் சுண்ணாம்பு. பயிற்சி தரும் உஸ்தாத் கண்ணுக்கு எந்தக் கல்லும் போதுமான வெள்ளையாக இருந்ததில்லை. மாலையில் விளையாட்டு. இரவு ரோல் காலில் நாளைய டியூட்டி வாசிப்பார்கள். விடுப்பு பற்றி ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று அத்தனை காதும் அங்கேயே இருக்கும்.

ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். ஓடிவிடுவான், கால் உன்னுடையதல்ல, தங்கையுடையது. ஆனால் நடு இரவில் எழுந்து சென்ட்ரி, அதாவது காவல், நிற்பானா என்று கேள். ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் இருக்கத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். போனும் கிடையாது, பேச்சுத்துணையும் கிடையாது. அங்கே தேறாதவன் ஓட்டத்தில் முதலாவதாக வந்து என்ன பயன்?

சியாச்சின் பனிமலையில் காவல் போஸ்டில் இருந்தபோது சண்டை என்று நாங்கள் போட்டது பனி வாரியதுதான். ஸ்டவ்வில் பனியை உருக்கினால்தான் தண்ணீர். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலுறையைக் கழற்றி விரல்களைப் பார்க்க வேண்டும். ஒருவன் காலை இன்னொருவன் தேய்த்துவிடுவான். 1984 முதல் அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள். குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயின. 2016 பிப்ரவரியில் அங்கே சோனம் போஸ்டில் பனிக்குள் புதைந்த 10 பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்கள். ஹனுமந்தப்பா என்ற வீரரை மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். அவரும் மருத்துவமனையில் இறந்தார். இந்த இடத்தைத் தங்கை இல்லாத நேரம் பார்த்து வாசி.

என் பெரிய கவலை வேறு. நான் சேர்ந்தபோது 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் என்று கணக்கு. அக்னிவீராகச் சேரும் இவனுக்கு 4 ஆண்டுதான். 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன் வீட்டுக்கு வரவேண்டும். ஓய்வூதியம் கிடையாது. மீசை முளைத்த வேகத்தில் 'முன்னாள்' ஆகிவிடுவான், மாப்பிள்ளை! அந்தப் பணத்தில் மாடி கட்டலாம் என்று இப்போதே நீ மனக்கணக்குப் போட்டிருப்பாய். தொடாதே. பட்டாளத்தில் இருக்கும்போதே அஞ்சல்வழியில் ஒரு பட்டம் படிக்கச் சொல்.

அவனைத் தடுத்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்டபோது, என் மொழி ஒரு வார்த்தை தெரியாத ஒருவன் என் சென்ட்ரியையும் சேர்த்து நின்றான். காலையில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளியே வந்து எத்தனை லட்சம் சம்பாதித்தாலும் அப்படி ஒருவன் கிடைப்பானா தெரியாது. ஆகவே முடிவை அவனே எடுக்கட்டும். துடைப்பத்தையும் சேர்த்து யோசித்து எடுக்கட்டும்.

முக்கியமான ஒன்று. ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகின்றனவா பார். நன்றாக ஓடிய பையன்கள் ஓர் இனிஷியலால் வெளியே நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இந்த வாரமே போய்ச் சரிசெய். உன் வழக்கப்படி "பார்க்கலாம்" என்றால் விடுப்பில் வந்து உன்னைத்தான் ஃபால்-இன் செய்யவைப்பேன்.

இப்படிக்கு,
கதிரேசன்