மெதுவாக ஓட்டுவதற்கும் ஒரு போட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ‘எட்டு போட்டாச்சா?’ என்று கேட்டால் உரிமம் வாங்கியாயிற்றா என்று பொருள். சிங்கப்பூரில் எட்டோடு ஒடுக்கப் பலகை, கூம்பு வரிசை, கோணல் பாதை, அவசர பிரேக் எல்லாம் உண்டு. 200 சிசி வரையிலான வண்டிக்கு உரிய 2பி வகுப்புத் தேர்வுக்கு இவற்றை வாரக்கணக்கில் பழகுகிறோம். உரிமம் கைக்கு வந்ததும் அதோடு சரி. ஓராண்டு கழித்து, 400 சிசி வரை ஓட்ட 2ஏ எடுக்கப் போகும்போதுதான் கை மறந்துவிட்டது தெரிகிறது. மேல் வகுப்பே வேண்டாம், 200 சிசிக்குள் போதும் என்று இருந்துவிடுபவர்களுக்கு அதுவும் தெரிய வழியில்லை.

ஆனால் அன்றாடம் வண்டி தடுமாறுவது மெதுவாகப் போகும் இடங்களில்தான். பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் வளைந்த ஏற்றம், உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகரும் வரிசை, மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டின்மேல் யூ-டர்ன், இரண்டு வண்டிகளுக்கு நடுவே தள்ளிச் சொருக வேண்டிய நிறுத்துமிடம். இந்தத் திறமைக்காகவே வட்டார அளவில் ஒரு சிறிய போட்டி தொடங்கலாம் என்பது எங்கள் யோசனை. விநியோக ஊழியரும், வேலைக்குச் சிறிய ஹோண்டா வேவ் ஓட்டிப் போகிறவரும், வார இறுதியில் மட்டும் 400 சிசி ஹோண்டா சூப்பர் ஃபோரை வெளியே எடுப்பவரும் தங்கள் சொந்த வண்டியிலேயே கலந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

ஜப்பானில் மோட்டோ ஜிம்கானா என்று கூம்புகளைச் சுற்றி ஓட்டும் போட்டி பல ஆண்டுகளாக நடக்கிறது. (ஜிம்கானா என்ற சொல்லே இந்தியாவில் பிறந்ததுதான். சென்னை ஜிம்கானா கிளப் 1884-இல் தொடங்கியது.) அது பார்க்க அருமையான விளையாட்டு. ஆனால் குறைந்த நேரத்தில் முடிப்பவரே அதில் வெற்றியாளர். அதை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது என்று கருதுகிறோம். கடிகாரம் வேகத்தை அளக்கத் தொடங்கினால் மூன்றாவது சுற்றுக்குள் பிடிமானம் மிகுந்த டயரும் மாற்றிய ஸ்பிராக்கெட்டும் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) வந்துவிடும். வேவ் ஓட்டுபவர் வேடிக்கை பார்க்கப் போய்விடுவார். ஆகவே பிழையைத்தான் எண்ண வேண்டும். கடிகாரம் ஒரே ஓர் இடத்தில் போதும். அங்கும் அதிக நேரம் எடுத்தவருக்கே மதிப்பு.

இடத்தைப் பொறுத்தவரை, திறந்தவெளி வாகன நிறுத்துமிடத்தில் கோடுகளே அளவுகோல். ஒரு கார் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். எதிரெதிரே பன்னிரண்டு பன்னிரண்டு கட்டங்களும் நடுவே ஓடுபாதையும் இருந்தால் 28.8 மீட்டர் நீளம், ஏறத்தாழ 16 மீட்டர் அகலம் கிடைக்கும். அதற்குள் எல்லாம் அடங்கும். பலமாடிக் கட்டடத்தின் மேல்தளம் வேண்டாம். வழவழப்பான பூச்சுத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் முன்சக்கரம் வழுக்கும். சாக்கடைக் கம்பித் தட்டு, வேகத்தடை, கார் சக்கரத்தைத் தடுக்கும் கட்டை இவை இல்லாத பகுதியாகப் பார்க்க வேண்டும். முதல் நாளே துடைப்பத்தால் மணலைக் கூட்டிவிட வேண்டும். மெதுவோட்டத்தில் விழுபவர்களில் பலரைச் சாய்ப்பது ஒரு கைப்பிடி மணல்தான்.

முதல் சோதனை மெதுவோட்டப் பாதை. நீளம் ஆறு கார் கட்டங்களின் அகலம், அதாவது 14.4 மீட்டர். பாதையின் அகலம் ஒரு மீட்டர். முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது கடிகாரம் தொடங்கும், மறுமுனைக் கோட்டைத் தொடும்போது நிற்கும். 15 வினாடியில் கடந்தால் மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகம். மனிதர் நடப்பதைவிடக் குறைவு. பழகாதவர் 10 வினாடிக்குள் வந்துவிடுவார். பழகியவர் 20, 25 வரை இழுப்பார். 25-க்கு மேற்பட்ட நேரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எடுத்தால் சிலர் நின்ற இடத்திலேயே முக்கால் நிமிடம் சமன்செய்து காட்டுவார்கள், பின்னால் வரிசை வெயிலில் காயும்.

அதே வரிசையில் மீதி ஆறு கட்டங்களில் கூம்பு வரிசை. ஐந்து கூம்புகள். கோட்டுக்குக் கோடு வைத்தால் 2.4 மீட்டர், யாராலும் சுலபமாக வளைக்க முடியாது. ஒரு கோடு விட்டு ஒரு கோடு என்றால் 4.8 மீட்டர், தூங்கிக்கொண்டே போகலாம். ஒன்றரைக் கட்டத்துக்கு ஒன்று, அதாவது 3.6 மீட்டர், சரியாக இருக்கும்.

எதிர்ப்பக்கம் எட்டு. இதில் எல்லாருக்கும் ஒரே அளவு வைப்பது நியாயமாகாது, ஏனென்றால் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரமும் கைப்பிடி திரும்பும் அளவும் வண்டிக்கு வண்டி வேறு. உரிம வகுப்பையே பிரிவாக வைத்துக்கொள்ளலாம். 2பி வண்டிகளுக்கு 12-க்கு 6 மீட்டர் பெட்டி, 2ஏ-வுக்கு 13-க்கு 6.5, அதற்கும் பெரிய வண்டிகளின் வகுப்பு 2-க்கு 15-க்கு 7.5. அமெரிக்க உரிமத் தேர்விலும் இதே எண்ணத்தோடுதான் 600 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு 20 அடி, அதற்கு மேல் 24 அடி என்று யூ-டர்னுக்கு இடம் விடுகிறார்கள். ஸ்கூட்டருக்குத் தனிப் பிரிவு வேண்டும். அதில் கிளட்ச் கைப்பிடி கிடையாது. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் உள்ளிருக்கும் கிளட்ச் விடுபடும். திரும்பத் தொட்டால் வெடுக்கென்று இழுக்கும். பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்துவைத்து ஓட்டுவது ஒரு தனிக்கலை. ஏரோக்ஸ் ஸ்கூட்டர்காரரையும் கிளட்ச் கைப்பிடியுள்ள பல்சர்காரரையும் ஒரே பட்டியலில் போட்டால் இருவருமே முணுமுணுப்பார்கள்.

எட்டு முடிந்ததும் நிறுத்தம். நின்ற நிலையிலிருந்து 6 மீட்டர் ஓடி, கோட்டைத் தொட்டதும் பிரேக். சாதாரணமாகக் கிளம்பினால் அந்தத் தூரத்தில் சுமார் 20 கிலோமீட்டர் வேகம் வரும். உலர்ந்த தாரில் 3 மீட்டருக்குள் நிற்கலாம். வேகத்தைக் கைக்கடிகாரத்தால் அளக்க முயல வேண்டாம். 5 மீட்டர் தூரத்தை 0.9 வினாடியில் கடக்கும் வண்டியில் 0.2 வினாடிப் பிழை வந்தால் 16-ஐ 20 என்றும், 26-ஐ 20 என்றும் எழுத நேரும். ஓடும் தூரத்தை எல்லாருக்கும் ஒன்றாக வைத்துவிட்டால் அந்தச் சண்டையே இல்லை. கடைசியில் இறங்கி, எஞ்சினை அணைத்து, இரண்டு பக்கமும் காலி அட்டைப்பெட்டி அடுக்கிய ஒரு மீட்டர் அகல இடத்துக்குள் வண்டியைப் பின்புறமாகத் தள்ளி நிறுத்த வேண்டும். இதைச் சேர்த்ததில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. தினமும் எல்லாரும் செய்வது, எந்தத் தேர்விலும் பெருமை பெறாதது.

விநியோகப் பெட்டி உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் பிரிவு வைக்கலாம். பெட்டிக்குள் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் நான்கு, மொத்தம் 6 கிலோ. அந்த எடை உயரத்தில், பின்சக்கரத்துக்கும் பின்னால் உட்கார்ந்தால் எட்டில் வண்டி எப்படித் தயங்குகிறது என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். புட்டிகளுக்கு இடையே துணி திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தின் நடுவில் எடை உருண்டு ஆளைச் சாய்த்துவிடும்.

மதிப்பெண் எளிமையாக இருக்கட்டும். கூம்பைத் தொட்டால் 2, கால் ஊன்றினால் 3, கோட்டைத் தாண்டினால் 3, எஞ்சின் அணைந்தால் 3, பாதை தவறினால் 10, வண்டி சாய்ந்தால் 10. மெதுவோட்டத்தில் 15 வினாடிக்குக் குறையும் ஒவ்வொரு வினாடிக்கும் 1. குறைந்த பிழை பெற்றவர் வெற்றியாளர். சமமானால் மெதுவோட்ட நேரத்தைப் பார்க்கலாம். கூம்பு நகர்ந்ததா இல்லையா என்ற வாக்குவாதம் நிச்சயம் வரும், அதனால் ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட வேண்டும். எட்டுக்கும் மெதுவோட்டத்துக்கும் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு நடுவர். ஒருவரே நின்றால் மறுபக்கக் கால் தெரியாது. கூம்புகள் 20, 25 சென்டிமீட்டர் உயரத்தில் வளைகிற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். சாலைப் பணிக்கு வைக்கும் பெரிய கனமான கூம்பு சக்கரத்தடியில் சிக்கினால் வண்டியே கவிழும். நாற்பது வாங்கினால் உபரிக்கும் சேர்த்துப் போதும். சுண்ணக்கோட்டுக்குப் பதிலாகக் காகித ஒட்டுநாடா ஒட்டலாமே என்று தோன்றும். ஈரத் தாரில் அது உரிந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

விழுவது எப்படி என்பதும் முன்பே தெரிந்திருந்தால் நல்லது. கைப்பிடி முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி திரும்பிய பக்கமே பொத்தென்று விழும். மெதுவோட்டத்தில் இதற்கு நிகரான பிழை வேறில்லை. எட்டுக்குள் நுழையுமுன் முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட வேண்டும். வேகத்தைக் கட்டுவது அரை கிளட்ச்சும் பின் பிரேக்கும்தான். ஆக்சிலேட்டர் ஒரே நிலையில் இருக்க, கிளட்ச் கைப்பிடி ஒரு விரல் தடிமன் அளவுக்குள் உள்ளும் வெளியும் போய்வர வேண்டும். அடுத்தது பார்வை. கூம்பைப் பார்த்தவர் கூம்பில்தான் போய் முட்டுவார். திருப்பத்தின் பாதியிலேயே முகம் வெளியேறும் வாயிலைப் பார்த்திருக்க வேண்டும், தாடை தோளுக்கு நேராக வரும் அளவுக்கு.

சில சமயம் கை சரியாகவே செய்யும், வண்டிதான் ஒத்துழைக்காது. சங்கிலி தொய்ந்திருந்தால் ஆக்சிலேட்டரைத் தொடும்போதெல்லாம் ஓர் உதறல் வரும். வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு இழுத்துவைத்தால் பாதிக் கோளாறு தீரும். கார் எஞ்சின் எண்ணெயை ஊற்றியவர்களின் கிளட்ச் நழுவும். அதிலுள்ள உராய்வு குறைக்கும் பொருள் எண்ணெயில் நனைந்து ஓடும் கிளட்ச்சுக்கு ஆகாது. டப்பாவில் அத்தகைய கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ தரக்குறி போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: நடு நிறுத்தியில் (சென்டர் ஸ்டாண்ட்) வண்டியை ஏற்றி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைப்பிடியை இரண்டு விரலால் மெல்ல இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நேர்நிலையில் வரும்போது ‘டக்’ என்று ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் ஸ்டீரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியில் எத்தனை நாள் பழகினாலும் மெதுவோட்டம் நேராக வராது. கைப்பிடி பள்ளத்திலிருந்து ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகும். ஓட்டுபவரோ தன்னையே நொந்துகொள்வார். டயர் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்ற யோசனையையும் கைவிடலாம். கைப்பிடி கனத்துப்போகும், அவ்வளவே.

காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கும் ஸ்கூட்டர் கிளட்ச்களுக்கும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஐந்து நிமிட ஓய்வு வேண்டும். 32 பாகை வெயிலில் தொடர்ந்து அரை கிளட்ச் பிடித்தால் கருகிய வாடை வரும். ஓர் ஓட்டத்துக்கு மூன்று நிமிடம் என்றால் நாற்பது பேருக்கு இரண்டு மணி நேரம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் 11-க்குள் முடித்து, பிற்பகல் இடிமழைக்கு முன் கலைந்துவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா புயற்காற்று விடியற்காலையிலேயே வந்து முற்பகல்வரை கொட்டக்கூடும். அந்த மாதங்களில் ஒரு மாற்று ஞாயிற்றுக்கிழமையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் அவசரம் கூடாது. அனுமதியின்றிச் சாலையில் வேகப் போட்டி நடத்துவது சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். ‘எங்களுடையது மெதுவான போட்டிதானே’ என்று நாமே தீர்ப்பெழுதிக்கொள்ளாமல் இட உரிமையாளரிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் விதிமுறைத் தாளோடு முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். காப்புறுதியும் அப்படித்தான். பந்தயம், போட்டி, வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்ற வரி பல மோட்டார்க் காப்புறுதிகளில் இருக்கிறது. கலந்துகொள்பவர் தம் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கட்டும். நடத்துபவர் பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி எடுக்கட்டும். புது மோட்டார்சைக்கிளுக்கு எடுத்தாக வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழே 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டிய ஊர் இது. சொந்த வண்டியைக் கீழே போட யார் துணிவார்கள்? அதனால் முதல் இரண்டு போட்டிகளுக்காவது எஞ்சின் காப்புக் கம்பி உள்ள வண்டி இரண்டை இரவல் வண்டியாக வைத்திருப்பது கூட்டத்தைச் சேர்க்கும். தலைக்கவசம், கையுறை, நீளக் காற்சட்டை, கணுக்காலை மூடும் காலணி இவை இல்லாதவருக்கு இடமில்லை. செருப்போடு வருபவர் ஒருவராவது இருப்பார்.

எல்லாவற்றுக்கும் பொருத்தமான இடம் ஓட்டுநர் பயிற்சி நிலையங்களின் சுற்றுப்பாதைதான். கோடு, வேலி, முதலுதவி எல்லாம் அங்கே தயார். உட்லண்ட்ஸ், புக்கிட் பாத்தோக், ஊபி என மூன்று நிலையங்களில் ஏதேனும் ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிறு முற்பகலைக் கொடுத்தால் போதும். சமூக மன்றங்கள் பதிவையும் நடுவர்களுக்கான பசியாறலையும் பார்த்துக்கொள்ளலாம். முதல் போட்டிக்கு இருபது பேரும் இரண்டே சோதனைகளும் போதும்: மெதுவோட்டமும் எட்டும். தள்ளி நிறுத்துவதையும் சேர்க்கச் சொன்னால் மறுக்கமாட்டோம், அட்டைப்பெட்டிகளை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டார மோட்டார்சைக்கிளோட்டிகள் சிலர்