வீட்டைப் பிரிக்கும் முன் ஒரு மழைக்கு வந்து போங்கள்: எங்கள் செட்டிநாட்டு ஊர்ப் புள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் புள்ளிகளான நகரத்தார் குடும்பங்களின் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் பங்காளி வீட்டுப் பெண் இல்லை. இதே ஊரில் பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டவள். மேலத்தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, கதவைப் பூட்டிவிட்டு வருவார். அவருக்குப் பின் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். முதல் நாள் நிலைக்கதவு போனது. அப்புறம் வளவின், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியின், தூண்கள், உத்தரம், கடைசியில் தரைக்கல். பர்மாத் தேக்கு என்பதால் மரத்துக்கு நல்ல விலையாம். மூன்று வாரத்தில் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. உடைந்த காரையையும் ஓடுகளையும் மட்டும் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஒரு வீட்டுக்கு நாற்பது பங்கு இருந்தால், ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று பேசுவதிலேயே நாலு மழைக்காலம் போய்விடும். ஆனாலும் ஒரு வீட்டைப் பிரிக்கும்போது இங்கே என்ன ஆகிறது என்பதை, இங்கே இருக்கிறவர்கள்தானே சொல்ல முடியும்?

இந்தச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து குடியேறினோம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நகரத்தாருக்கு ஒன்பது கோயில், தொண்ணூற்றாறு ஊர் என்ற கணக்கும் எங்களுக்கு மனப்பாடம். அப்படி வந்தவர்கள் இந்த வறண்ட காட்டில் ஊரை அமைத்த விதத்தைப் பாருங்கள். தெருக்கள் எல்லாம் நேர்கோடு. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஓட்டில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கும். அங்கே அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சுவது தரைக்கு அடியில் ஓடித் தெருக் காலுக்கு, அதாவது தெருவோர வாய்க்காலுக்கு, வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகும். வீடுகளும் தெருவும் ஊருணியும் சேர்ந்து ஒரே ஏற்பாடு.

சின்ன வயதில் ஐப்பசி மழையில் அம்மாவோடு அந்த வளவில் நின்றிருக்கிறேன். நாலு பக்கமும் தகரக் குழாயிலிருந்து தண்ணீர் அண்டாவில் கொட்டும் சத்தத்தில் பேசினால் கேட்காது. முதல் மழையை விட்டுவிடுவோம், ஓட்டுத் தூசு போகட்டும் என்று. இரண்டாவது மழையில் பிடித்ததைத் துணியில் வடிகட்டி வைத்துவிட்டால், பருப்பு வேக அதைப் போலத் தண்ணீர் கிடையாது. மழை விட்டதும் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ஊருணிப் படிக்கட்டுக்கு ஓடுவோம், எத்தனை படி முழுகியிருக்கிறது என்று எண்ண.

போன ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் பிரித்த வீட்டின் காரையும் மண்ணும் தெருக் காலை அடைத்துக் கிடந்ததால், தண்ணீர் திரும்பிக் கீழத்தெரு வீடுகளுக்குள் புகுந்தது. ஊருணியில் இரண்டு படிகூட முழுகவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரும் மழை இறங்கி ஊறி நிற்கிறது. அது எத்தனை நாள் தாங்குமோ.

ரங்கூனிலும் மோல்மேனிலும் கொழும்பிலும் கொண்டுவிற்று, அதாவது வட்டிக்கடையும் வியாபாரமும் நடத்தி, சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் இவை. இங்குள்ள ஆசாரிகளும் கொத்தனார்களும் சித்தாள்களும் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்கள். கையை வைத்தால் இன்றைக்கும் பளிங்கு போலக் குளிரும். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கால்நடையாகத் திரும்பியவர்களுக்கு மிஞ்சியதும் இந்த வீடுகள்தான். 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. பட்டியல் வந்து கதவைக் காக்காது, நீங்கள்தான் காக்க வேண்டும்.

அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, பங்காளிகள் கூடும்போது இதைப் பேசுங்கள். விற்றே தீரவேண்டும் என்றால் வீட்டை வீடாக விற்றுவிடுங்கள். கானாடுகாத்தானில் பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறார்கள், ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் வேலையும் இருக்கிறது. பிரித்துத்தான் ஆகவேண்டிய நிலை என்றால், காரையை அள்ளித் தெருக் காலைத் திறந்துவிட்ட பிறகே மீதிப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெட்டகத்தில் கிடக்கும் ஏடுகள். உங்கள் பாட்டன் கல்யாணத்து இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஏடு, பர்மாக் கடைக் கணக்கு, வீடு கட்டின செலவுக் குறிப்பு எல்லாம் எடைக்குப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். அதையாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

தெருக் காலைத் தூர்வார ஆள் நாங்கள் இருக்கிறோம். ஜேசிபி வாடகைக்கும் டீசலுக்கும் ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று நீங்கள் வரி போட்டுக் கொடுத்தால் புரட்டாசிக்குள் முடித்துவிடலாம். அப்புறம் ஐப்பசியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் வந்து தங்குங்கள். முதல் நாளே ஒரு போன் போட்டால் போதும், திண்ணையைக் கழுவி, முற்றத்தில் அண்டாவை வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெரு வீட்டுச் சாவியை வைத்திருப்பவள்