தாத்தா ஜாடையில் ஒரு கார்

அன்புள்ள கண்ணு,

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ தொலைபேசியில் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு நீயும் அக்காவும் சேர்ந்து கூரை திறக்கும் 'கன்வர்ட்டிபிள்' கார் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள். பழங்காலத் தோற்றம் வேண்டும், ஆனால் உண்மையிலேயே ஐம்பது அறுபது வயதான கார் வேண்டாம், அமெரிக்கக் காராக இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளும் போட்டு, ஒரு பட்டியலும் கொடுத்தாய். அப்பாவைக் கேட்டால் "அம்மா சொல்வதுதான்" என்று சொல்லிவிட்டார். பேச்சில் சொன்னால் நான் பாதி சொல்லும் முன்பே நீ "சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இருபத்தேழு வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். கார் கதவுக்கும் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவே ஓடும் ரப்பர் பட்டைதான் என் பிழைப்பு. செயற்கை மழை பொழியும் அறையில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே டார்ச் விளக்கோடு உட்கார்ந்து, முதல் துளி எங்கே எட்டிப் பார்க்கிறது என்று காத்திருந்திருக்கிறேன். ஆகவே எந்தக் கன்வர்ட்டிபிளைப் பார்த்தாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். கூரையை வெட்டி எடுப்பது சின்ன விஷயம் இல்லை. மூடி போட்ட அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கிப் பார். பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்கிப் பார். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் அடித்தளத்தில் இரும்பைக் கூட்டுகிறார்கள். அப்படியும் குண்டும் குழியுமான சாலையில் முன்கண்ணாடியின் சட்டம் நடுங்கும், கதவுக் கண்ணாடி இடம் மாறும், ரப்பர் பட்டை வழிவிடும். மழை அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

நான் அமெரிக்காவுக்கு வந்த 1985இல் திறந்த கார்கள் அப்போதுதான் திரும்பி வந்திருந்தன. 1976இல் காடிலாக் எல்டொராடோவைக் கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள் என்றே சொல்லி விற்றார்கள். கவிழ்ந்தால் ஆபத்து என்று அரசாங்கமே தடுத்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், காருக்குள் குளிர்சாதனம் வந்துவிட்டது மறுபக்கம். அந்தத் தடை கடைசிவரை வரவில்லை. 1982இல் கிரைஸ்லர் லெபாரன் வந்து வழக்கத்தை மறுபடி தொடங்கி வைத்தது. அதற்கும் பதினைந்து வருடம் கழித்து, தாத்தா ஜாடையில் கார்கள் பிறக்கத் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு ஐம்பது வயது ஆனது. கையில் பணமும் மனதில் சிறு வயதில் பார்த்த கார்களும் இருந்தன. நீ கேட்பது அந்தக் காலத்துக் கார்களைத்தான்.

நம் வீட்டில் குழந்தை பிறந்தால் முதலில் ஜாடை பார்ப்பார்கள். தாத்தா மூக்கு, பாட்டி நெற்றி என்பார்கள். குணம் யாருடையது என்று தெரிய வருடங்கள் ஆகும். இந்தக் கார்களையும் நான் அப்படித்தான் பார்த்தேன். மூக்கு வந்துவிட்டது, குணம் வந்ததா?

பிளிமத் புரௌலரை நீ சின்ன வயதில் பார்த்து வாய் பிளந்தது நினைவிருக்கிறதா? கத்திரிப்பூ நிறம், வெளியே தனியாக நிற்கும் முன் சக்கரங்கள், ஈட்டி முனை போன்ற மூக்கு. பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினை ஏற்றி இளைஞர்கள் ஓட்டிய 'ஹாட் ராட்' கார்களின் பேரன் அது. 1997இல் வந்தது, 2002இல் முடிந்தது. மொத்தம் 12,000கூட உருவாகவில்லை. சட்டமும் உடலும் பெரும்பாலும் அலுமினியம், கியர் பெட்டி பின் அச்சோடு சேர்ந்து பின்னால். பொறியாளராக அந்த வேலைக்கு நான் கைகூப்புவேன். ஆனால் ஹாட் ராட் என்றாலே வி-8 எஞ்சினின் உறுமல்தான். இதற்குள் இருந்தது 3.5 லிட்டர் வி-6; கையால் மாற்றும் கியரும் இல்லை. 1999இலிருந்து 253 குதிரைத்திறன் வந்தது, அது குறைவில்லைதான். ஆனாலும் குரல் தாத்தாவுடையது இல்லை. டிக்கியில் இடமே கிடையாது என்பதால் அதே நிறத்தில் இழுத்துச் செல்லும் சின்ன வண்டியையும் தனியாக விற்றார்கள். தவிர, அப்பாவின் முழங்காலுக்கு அவ்வளவு தாழ்ந்த இருக்கை ஆகாது.

செவ்ரோலே எஸ்எஸ்ஆரின் கூரையைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன். கெட்டிக் கூரை இரண்டாகப் பிரிந்து, இருக்கைக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நின்றுகொள்ளும். அத்தனை மூட்டுகளிலும் நீர் புகாமல் பார்த்தவர்கள் என் தொழிலில் கெட்டிக்காரர்கள். தோற்றம் 1947இல் வந்த செவ்ரோலே பிக்கப் லாரியுடையது. புடைத்த மட்கார்டுகளும் குறுக்கே ஓடும் கிரில் பட்டையும் அப்படியே. ஆனால் அந்தப் பழைய லாரி பண்ணையில் மூட்டை சுமந்தது. இதன் பின்தட்டுக்குக் கெட்டி மூடி போட்டு, உள்ளே கம்பளம் விரித்துவிட்டார்கள். மண்ணையோ செங்கல்லையோ ஏற்ற யாருக்கும் மனம் வராது. எடையோ இரண்டு டன்னுக்கு மேல். 2005இல் 6 லிட்டர் எஞ்சின் போட்ட பிறகுதான் அந்த உடம்புக்கு ஏற்ற வலு வந்தது. 2006இல் நிறுத்திவிட்டார்கள்.

கிரைஸ்லர் பிடி குரூஸர் உங்கள் பட்டியலிலேயே மலிவானது. நான்கு பேர் உட்காரலாம். நடுவில் கூடைக்குக் கைப்பிடி வைத்தது போல ஒரு வளைவு; அது அழகுக்கு இல்லை, உடல் முறுகாமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. கூரை வெட்டாத பிடி குரூஸர் எனக்கு மிகவும் பிடித்த வண்டி. பின் இருக்கைகளைக் கழற்றி எடுத்தால் ஒரு வீட்டுச் சாமானையே ஏற்றலாம். அந்த உயரமான கூரையும் அதற்குள் இருந்த இடமும்தான் அதன் குணம். 2005இல் கூரையை எடுத்தபோது குணமும் கூடவே போய்விட்டது.

2011இன் செவ்ரோலே கமாரோ கன்வர்ட்டிபிளுக்கு ஒரே வரி: கதவுகள் அவ்வளவு உயரம், உள்ளே உட்கார்ந்தால் கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பது போல இருக்கிறது. திறந்த காரில் முழங்கையைக் கதவின் மேல் சாய்க்க முடியாவிட்டால் எனக்கு வேண்டாம்.

ஃபோர்டு மஸ்டாங்கை அப்படி ஒதுக்க முடியவில்லை. அப்பாவின் மனம் அதில்தான் இருக்கிறது, அவர் சொல்லாவிட்டாலும். டெட்ராய்ட் பக்கத்து டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு உங்களை எத்தனை முறை அழைத்துப் போயிருக்கிறோம்! வரிசை எண் 1 கொண்ட மஸ்டாங் அங்கே நிற்கிறது, வெள்ளை நிறம், அதுவும் கன்வர்ட்டிபிள். விற்கக் கூடாத அந்த வண்டியைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் தவறுதலாக ஒரு விமானிக்கு விற்றுவிட்டார்கள். பிறகு புத்தம் புதிய மஸ்டாங் ஒன்றைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கினார்கள். அந்தக் கதையை அப்பா சொல்லும்போதெல்லாம் நீ புதிதாகக் கேட்பது போலக் கேட்பாய்.

2005இன் மஸ்டாங் அந்த 1960களின் முகத்தையே திரும்பப் பெற்றது. உருண்டை முகவிளக்குகள், மூன்று பட்டையாகப் பிரிந்த பின்விளக்குகள், நீண்ட மூக்கு, குறுகிய வால். 4.6 லிட்டர் வி-8, 300 குதிரைத்திறன். வேண்டுமானால் கையால் மாற்றும் கியரும் உண்டு. 1964இலிருந்து இடைவெளியே இல்லாமல் பிறந்துகொண்டிருக்கும் குடும்பம் அது. குணம் தொலையவே இல்லை. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பின் இருக்கையில் பேத்தியை உட்கார வைக்கலாம். புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுப்பதென்றால் இதுதான். ஒரு வாரம் முழுவதும் இதையே எழுதிவிடுவது என்று இருந்தேன்.

ஆனாலும் எனக்கு வேண்டியது ஃபோர்டு தண்டர்பேர்டு. 2002 முதல் 2005 வரை வந்தது.

அதன் தாத்தா 1955இல் பிறந்தது. செவ்ரோலே கார்வெட்டுக்குப் போட்டியாக வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வருடம் தண்டர்பேர்டு 16,000க்கு மேல் உருவானது, கார்வெட் 700. ஏன் தெரியுமா? ஃபோர்டு அதைப் பந்தய வண்டி என்று சொல்லவே இல்லை, சொந்தச் சுகத்துக்கான கார் என்றது. அன்றைய கார்வெட்டின் கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் திரைகளை எடுத்து மாட்ட வேண்டும். தண்டர்பேர்டுக்குச் சுழற்றி ஏற்றும் கண்ணாடி இருந்தது. ரப்பர் பட்டையோடு வாழ்ந்தவளுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது. மறு வருடம் கெட்டிக் கூரையின் பக்கவாட்டில் கப்பல் சன்னல் போல வட்டக் கண்ணாடி வைத்தார்கள். அலங்காரம் என்று நினைக்காதே. கூரையின் அகலமான பின்தூண் பக்கத்தில் வரும் வண்டியை மறைத்ததால் வந்த சன்னல் அது. 2002இன் கூரையிலும் அதே வட்டக் கண்ணாடி இருக்கிறது.

புதிய தண்டர்பேர்டை அன்றைய ஃபோர்டு வடிவமைப்புத் தலைவர் ஜே மேஸின் தலைமையில் வடிவமைத்தார்கள். அடித்தளம் லிங்கன் எல்எஸ்ஸோடும் ஜாகுவார் எஸ்-டைப்போடும் பொதுவானது. 3.9 லிட்டர் வி-8, தானியங்கிக் கியர் மட்டும். நம் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத விக்ஸம் தொழிற்சாலையில் உருவானது. வந்தபோது கொண்டாட்டம், பிறகு மென்மையாகப் போகிறது, வளைவில் வேகம் போதவில்லை என்று குறை சொன்னார்கள், விற்பனை இறங்கியது, நான்கே ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் குறை எனக்குச் சரியாகப் படவில்லை. தாத்தாவும் அப்படித்தானே மென்மையாகப் போனார்! பட்டியலில் இருக்கும் கார்களில் ஜாடையோடு நடையும் சேர்ந்து வந்தது இதற்குத்தான். குறை உண்டு: உள்ளே டேஷ்போர்டு லிங்கனிலிருந்து எடுத்தது, வெளியே இருக்கும் அழகு அங்கே இல்லை. எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் பழுதாவதும் பரவலாகத் தெரிந்த விஷயம். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வை.

இதெல்லாம் தொழில் கண். இன்னொன்றும் இருக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் நடக்கும் கார் ஊர்வலத்துக்கு அப்பாவும் நானும் மடக்கு நாற்காலியோடு போவோம் இல்லையா? போன வருடம் ஃபெர்ண்டேலில் எங்களுக்கு நேராக ஒரு வெளிர் மஞ்சள் தண்டர்பேர்டு நின்றது. உள்ளே எங்களைவிட மூத்த தம்பதி. அந்த அம்மாள் முழங்கையைக் கதவில் சாய்த்துக்கொண்டு கணவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், குரலை உயர்த்தாமலே. சுற்றிலும் உறுமும் வண்டிகள். அவர்கள் பேச்சு முடியவே இல்லை. விளக்கு பச்சையானதும் போய்விட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல், பிறகு, "நாம் எப்போது இப்படிப் பேசிக்கொண்டே போனோம்?" என்றார்.

நாங்கள் வாங்கிய எல்லாக் கார்களிலும் பின் இருக்கைதான் முக்கியம், கண்ணு. முதலில் அக்கா, பிறகு நீ, ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி, பொங்கல் விழாவுக்குச் சங்கத்துக்குக் கொண்டுபோன சாம்பார் அண்டா. நான் பாதி நேரம் பின்னால் திரும்பியபடிதான் பயணம் செய்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது பின் இருக்கையே இல்லாத ஒரு காரில் முன்னால் பார்த்து உட்கார ஆசையாக இருக்கிறது. பேத்தி வந்தால் இருவரில் ஒருவர் இறங்கி அவளுக்கு இடம் கொடுப்போம்.

உன் ஊரிலேயே தேடு. இங்கே குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பு கொட்டுவார்கள், அடிப்பாகம் துருவேறியிருக்கும். 2003 அல்லது அதற்குப் பிந்தையதாகப் பார். எஞ்சின் 280 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது அந்த வருடம்தான். டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி மோந்து பார், ஈர வாடை அடித்தால் திரும்பி வந்துவிடு. கித்தான் கூரையை மூடிவிட்டு, கதவுக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை வைத்து இழு. இறுக்கமாக வர வேண்டும், எந்த இடத்திலாவது வழுக்கிக்கொண்டு வந்தால் மழை அங்கேதான் உள்ளே வரும். கூரைத் தண்ணீர் வடியும் குழாய்களில் இலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார். நிறம் எதுவானாலும் சரி, கறுப்பு மட்டும் வேண்டாம்.

முக்கியமாக, வட்டச் சன்னல் வைத்த கெட்டிக் கூரையும் கூடவே வருகிறதா என்று கேள். எல்லா வண்டியோடும் அதைக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் வாங்காதே. அதன் எடை ஏறக்குறைய 38 கிலோ. ஒருவரால் கழற்ற முடியாது, இரண்டு பக்கமும் ஆள் நின்று நேராகத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயின்டில் கீறல் விழும். தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். ஒரு பக்கம் நான் பிடிப்பேன்.

மே மாதம் முதல் வாரத்தில் இங்கே பனி முழுவதும் போயிருக்கும். அக்டோபர் கடைசியில் மறுபடி மாட்ட வேண்டும். இரண்டுக்கும் இப்போதே டிக்கெட் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா